எலோகேஷியின் பெயர் பொறித்த அரிவாள்மணை

2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சமையலறைக் கத்தி 2,31,250 டாலருக்கு ஏலம் போயிற்று. ஏலம் விட்டவர்கள் அதற்கு முன்கூட்டி இட்டிருந்த மதிப்பு 4,000 முதல் 6,000 டாலர் வரைதான். எஃகோடு விண்கல் இரும்பையும் சேர்த்து அக்கத்தியை அடித்தவர் வாஷிங்டன் மாநிலத்துக் கொல்லர் பாப் கிரேமர். அதை வைத்திருந்தவர் 2018 ஜூனில் மறைந்த சமையற்கலைஞரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன். கையால் அடித்த கத்திகளைச் சேகரிப்போர் உலகில் கிரேமரின் பெயருக்கே பெரிய விலை உண்டு. ஆனால் மதிப்பீட்டுக்கும் விற்ற விலைக்கும் இடையே விழுந்த ஏறத்தாழ நாற்பது மடங்கு வேறுபாட்டை எஃகைக் கொண்டு விளக்க முடியாது. இறந்துபோன ஒருவரின் பெயர் இரும்பில் ஏறியிருந்தது. அதற்குத்தான் அந்த விலை.

இச்செய்தியை நான் படித்தது சில ஆண்டுகள் கழித்து, கொல்கத்தா பவானிபூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி ஆவணக் காப்பகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில். படித்த மாத்திரத்தில் நினைவுக்கு வந்தது வேறொரு கத்தி. அதுவும் சமையலறைக் கருவி. அதிலும் இறந்தவர் ஒருவரின் பெயர் ஏறியிருந்தது. அதையும் மக்கள் விரும்பி வாங்கினார்கள். 1873ஆம் ஆண்டில், பவானிபூரை ஒட்டிய காளிகாட்டின் ஓவியர்களைப் பித்துப் பிடித்ததுபோல் வரையவைத்த ஒரு கொலையை ஒட்டி அது செய்யப்பட்டது. அதைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். வங்காளிகள் அதை அழைக்கும் பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தால் ‘பொட்டி’க்கும் ‘போண்டி’க்கும் நடுவே மாட்டிக்கொள்ள நேரும். மூக்கொலி சேர்ந்த ‘பொண்ட்டி’ என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது புதிய பொருளன்று; நம் வீட்டு அரிவாள்மணைதான். மணையில் செங்குத்தாக நிற்கும் வளைந்த அலகு, மணையை மிதித்து அழுத்தும் ஒரு கால், காயை அலகின்மீது தள்ளும் இரு கைகள். மேலைநாட்டுக் கத்தி காயைத் தேடிப் போகும். அரிவாள்மணையில் காய் கத்தியைத் தேடி வரும். வங்காளத்து இந்து வீடுகளில் மீனுக்கு ஒன்றும் காய்கறிக்கு வேறொன்றும் என இரண்டு வைத்திருப்பது வழக்கம். மீன்கவிச்சி பட்ட அலகு கைம்பெண்களின் சைவ அடுப்பங்கரைக்குள் நுழையலாகாது. சித்ரிதா பானர்ஜி ‘காஸ்ட்ரோனோமிகா’ இதழில் 2001இல் இக்கருவியைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தால், குந்தி அமர்ந்து அரியும் உடலுக்கும் நின்றுகொண்டு நறுக்கும் உடலுக்கும் இடையே ஒரு முழுச் சமூக வரலாறே இருப்பது புரியும். பவானிபூரின் ஜதுபாபு பஜாருக்குக் காலையில் சென்றால் மீன்காரர்கள் முழங்கை உயரத்துக்கும் மேலான அலகுகளின்முன் அமர்ந்து பெரிய ரோகு மீன்களை இரண்டே தள்ளலில் பிளப்பதைப் பார்க்கலாம். அந்த அலகைப் பார்த்த பிறகு, அதைக் கொலைக்கருவியாக நினைத்துப் பார்க்கத் தனிக் கற்பனை தேவைப்படாது.

தாரகேஸ்வர் வழக்கு வங்காள வரலாற்று மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது. தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். நோபின் சந்திர பானர்ஜி கல்கத்தாவில் ராணுவ அச்சகத்தில் வேலை பார்த்தவர். பதினாறு வயது மனைவி எலோகேஷி, தாரகேஸ்வர் சிவன் கோயிலுக்கு அருகே தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்கு மருந்து வேண்டிக் கோயிலின் மகந்த் மாதவசந்திர கிரியிடம் அவள் அழைத்துச் செல்லப்பட்டாள். மகந்த் அவளைக் கெடுத்தான் என்றும் அதற்குப் பெற்றோர் உடந்தை என்றும் பேச்சு பரவியது. 1873 மே மாதம் ஊர் திரும்பிய நோபினிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் மன்னித்தான். இருவரும் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட முனைந்தபோது மகந்தின் ஆட்கள் வழிமறித்தார்கள். மே 27 அன்று நோபின் வீட்டு மீன்அரிவாள்மணையால் அவள் கழுத்தை வெட்டிவிட்டுக் காவல்நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்தான்.

ஹூக்ளி அமர்வு நீதிமன்றத்தில் நடுவர் குழு, அவன் சித்தம் கலங்கிய நிலையில் இருந்தான் என்று சொல்லி விடுவிக்க விரும்பியது. ஆங்கிலேய நீதிபதி அதை ஏற்காமல் வழக்கைக் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே நோபினுக்கு ஆயுள்தண்டனையும் மகந்துக்கு மூன்றாண்டுக் கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. நோபினை விடுவிக்கக் கோரிக் கையொப்பங்கள் குவிந்தன. 1875இல் அவன் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தான். விசாரணையைக் காணத் திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்த நீதிமன்றம் நுழைவுக் கட்டணம் வசூலிக்க வேண்டியிருந்தது என்பது இவ்வழக்கு கிளப்பிய பரபரப்புக்கு ஒரு சான்று. பவானிபூர் அப்போது வழக்கறிஞர்களின் குடியிருப்பு. பழைய சதர் திவானி நீதிமன்றம் அருகில் இருந்த காலத்திலிருந்தே சட்டம் படித்தவர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சம்புநாத் பண்டிதர் பெயரில் அங்கே இன்றும் மருத்துவமனை இருக்கிறது. அந்தத் திண்ணைகளில் இவ்வழக்கு எத்தனை முறை மறுவிசாரணைக்கு வந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மறுவிசாரணை திண்ணையோடு நிற்கவில்லை. பட்டதலா அச்சகங்கள் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. வங்காள அரங்கில் நாடகங்கள் ஓடின. நம் கொலைச்சிந்துகளை அறிந்தவர்களுக்கு இதன் தன்மை எளிதில் பிடிபடும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ காட்டும் குஜிலி உலகத்தின் வங்காளத்து உடன்பிறப்பு அது. ஆனால் குஜிலியில் விற்றது பாட்டும் தாளும். தாரகேஸ்வர் வழக்கில் சந்தை அதைத் தாண்டிப் போயிற்று. எலோகேஷியின் பெயர் தாங்கிய சேலைகள், வெற்றிலைப் பெட்டிகள், மீன் அரியும் கத்திகள் விற்பனைக்கு வந்தன. மகந்த் சிறையில் செக்கிழுத்து ஆட்டிய எண்ணெயால் செய்தது என்று தலைவலித் தைலம் ஒன்றுக்கு விளம்பரம் கூட வந்தது.

சேலையும் வெற்றிலைப் பெட்டியும் எனக்குப் பெரிய புதிராகத் தோன்றவில்லை. புகழ்பெற்றவர் பெயரில் எதையும் விற்கலாம். கத்திதான் உறுத்துகிறது. எந்தக் கருவியால் அவள் கொல்லப்பட்டாளோ அந்தக் கருவியின்மேல் அவள் பெயர். அதை வாங்கிப்போன குடும்பத்தில் அதன்முன் குந்தி அமர்ந்து நாள்தோறும் மீன் அரிந்தவர் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார். அந்தப் பெயர் அவருக்கு எச்சரிக்கையாக வந்ததா, இரங்கலாக வந்ததா? வாங்கிக் கொடுத்த ஆணின் மனத்தில் என்ன இருந்தது? தனிகா சர்க்கார் இவ்வழக்கைக் குறித்து எழுதியவற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம், அன்றைய பொதுக்கருத்தில் கொலைகாரக் கணவன் காதல்நாயகனாக மாறிப்போனான் என்பது. அந்த மாற்றத்தின் திடவடிவமாக இந்தக் கத்தியைக் கருதலாம். ஆனால் அது மட்டுமே என்று நான் முடித்துவிட மாட்டேன். காரணம் அவள் பெயர். ‘எலோகேஷி’ என்றால் விரிந்த கூந்தலாள். காளிக்கு வழங்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. காளிகாட்டின் கடைத்தெருவில் கூர்மையான இரும்பில் அப்பெயரைக் கண்ட ஒருத்திக்கு, வெட்டுண்டவளும் வெட்டுபவளும் ஒரே சொல்லில் தெரிந்திருக்க முடியும். அது ஆறுதலா அச்சமா என்பதை அவள்தான் அறிவாள்.

காளிகாட் ஓவியர்களிடம் வருவோம். 1809இல் இன்றைய கோயில் எழும்பிய பிறகு, பவானிபூர் வழியே தெற்கே இறங்கும் ரசா சாலையில் வந்த யாத்திரிகர்களுக்காகக் கடைவைத்தவர்கள் பட்டுவாக்கள். ஆலைத்தாளில் நீர்வண்ணம், விரைந்த ஒற்றைக் கோடு, மலிவு விலை. தாரகேஸ்வர் நிகழ்ச்சியை அவர்கள் தொடர்காட்சிகளாகவே வரைந்தார்கள்: மகந்தின்முன் எலோகேஷி, கணவன் காலில் விழும் எலோகேஷி, ஓங்கிய அரிவாள்மணை, அடுத்த வெட்டு, துண்டான தலை, செக்கடியில் மகந்த். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்று 645 காளிகாட் ஓவியங்கள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி ஜான் லாக்வுட் கிப்ளிங் சேகரித்து, அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் கொடுத்தவை. பின்னர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றைப் பற்றி நூல்கள் எழுதினார். அந்தத் தாள்கள் கலைப்பொருள்கள் ஆயின. பெயர் பொறித்த கத்தியோ வீட்டுச் சாமானாகவே இருந்துவிட்டது. அலகு தேய்ந்தால் தீட்டுவார்கள். மேலும் தேய்ந்தால் பழைய இரும்புக்காரனிடம் போடுவார்கள். பயன்பட்ட கருவியின் இயல்பான சாவு அது.

இங்கே ஒரு தன்குற்ற ஒப்புதல். இந்த ஓவியங்களை நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் காட்டியிருக்கிறேன். பாலினம், சட்டம், காலனியப் பொதுவெளி என எல்லாவற்றையும் அவற்றில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருவர், “இந்த அரிவாள்மணையை யார் செய்தார்கள்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவுசெய்கிறேன். கேள்வி சரியானது. ஓவியனைப் பற்றி நூல்கள் உண்டு. அச்சகத்தாரைப் பற்றி, நாடக ஆசிரியரைப் பற்றி, நீதிபதியைப் பற்றி உண்டு. இரும்பை அடித்து, அதில் ஒரு பெண்ணின் பெயரையும் வெட்டித் தந்தவரைப் பற்றி அந்த நூலடுக்கில் ஒரு வரி இல்லை.

அவரை முற்றிலும் இருட்டில் விடவேண்டியதில்லை. வங்காளத்தில் இரும்பு வேலை காமார்களுடையது. கர்மகார் என்பது அவர்கள் குடிப்பெயர். உழவுக் கருவியும் சமையற் கருவியும் செய்த அதே சமூகத்தாரே கோயில்களில் ஆட்டுக்கடாவை ஒரே வீச்சில் பலியிடும் உரிமையும் பெற்றிருந்தார்கள். பலிக்கட்டையின்மேல் இறங்கும் கட்கத்தைச் செய்தவர்களும் அதை வீசியவர்களும் அவர்களே. காளிகாட் போன்ற ஊரில் கூர்முனையின் பொருளை அவர்களைவிட நுட்பமாக உணர்ந்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. பவானிபூரின் தெருப்பெயர்களில் கைவினைச் சாதிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன: வெண்கலக் கன்னார் வாழ்ந்த கான்சாரிபாடா, சங்கறுப்போரின் சாங்காரிபாடா, எண்ணெய் வாணியரின் தேலிபாடா. தெருவுக்குச் சாதியின் பெயர் உண்டு. செய்த பொருளில் மனிதரின் பெயர் இல்லை. கூட்டுப்பெயருக்குள் தனிப்பெயர் கரைந்துபோவதுதான் இங்கே நடந்திருக்கிறது. நம் ஊரிலும் அப்படியே. சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி அரிவாள் தமிழர் அனைவருக்கும் தெரியும். அதை அடித்த ஒரு கொல்லரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். ஊர்ப்பெயர் புகழடைந்தது, திரைப்படங்கள் அதைச் சாதிய வன்முறையின் அடையாளமாகவும் ஆக்கிவிட்டன. கருக்கு அறுக்கவும் காய் வெட்டவும் செய்யப்பட்ட கருவிகளும் அதே பட்டறைகளிலிருந்துதான் வந்தன.

வங்காளத்தில் ஒரு விலக்கு உண்டு. வர்த்தமானை அடுத்த காஞ்சன்நகர் கத்தி, கத்தரிகளுக்குப் பேர்போனது. அங்கிருந்த பிரேம்சந்த் மிஸ்திரி என்ற கைவினைஞரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்தே அறியப்பட்டது. ஏன் அவர் பெயர் மட்டும் தப்பியது? அவர் செய்தவை ஷெஃபீல்டு சரக்கோடு ஒப்பிடத்தக்க ஐரோப்பியப் பாணிக் கத்திகள். காலனிய அறிக்கைகள் எழுதியவர்களுக்கு அந்த ஒப்பீடு தேவைப்பட்டது. 1888இல் கிளாஸ்கோ கண்காட்சிக்காக இந்தியக் கைவினைகளைத் தொகுத்து நூலாக்கிய திரைலோக்கியநாத் முகோபாத்யாய் போன்றோரின் எழுத்து, ‘நாமும் அதைச் செய்யவல்லோம்’ என்று காட்டும் ஆவலில் பிறந்தது. மேசைக்கத்தி செய்தவர் கலைஞரானார். அரிவாள்மணை செய்தவர் காமாராகவே நின்றார். வாள்களின் கதை வேறு. எகர்ட்டன் பிரபு 1880இல் இந்திய ஆயுதங்களுக்குத் தனி நூலே எழுதினார். தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் சென்றன, மிகுந்தவை உடைபட்டுப் பழைய உலோகமாகின. அரசனின் இரும்புக்கே அந்த நிலை என்றால் அடுப்பங்கரை இரும்பை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்!

இங்கே தென்னிந்தியக் கிளைக்கதை ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தென்னிந்தியாவின் உலைக்களங்களில், மூடிய மண்மூசைகளில் உருக்கிய எஃகு ஐரோப்பாவில் ‘ஊட்ஸ்’ என்று அறியப்பட்டது. 1790களில் அதன் மாதிரிகள் லண்டன் ராயல் சங்கத்துக்குச் சென்றன. ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அதில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்து, ஐரோப்பிய எஃகைவிட இதுவே மேல் என்று தம் கடை அட்டையிலேயே விளம்பரம் செய்தார். பிறகு இளைஞர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அதன் உட்பொருளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அவ்வாய்வில் கிடைத்த கலப்பெஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார். அக்கத்தியில் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. இரவெல்லாம் துருத்தி மிதித்தவரின் பெயருக்கு இடம் இருக்கவில்லை. பெயர் எப்போதும் இரும்பு விற்கும் இடத்தில்தான் ஏறுகிறது. இரும்பு காயும் இடத்தில் ஏறுவதில்லை. ஷெஃபீல்டிலும் இதே நிலைதான். அலகில் நிறுவனத்தின் முத்திரை பதிந்தது. சாணைக்கல் தூசியை மூச்சில் ஏற்று இளமையில் இறந்தவர்கள் பெயரற்றுப் போனார்கள். ஜப்பானின் சக்காய் நகரில் அலகை அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், கைப்பிடி பூட்டுபவர் மூன்றாமவர். அலகில் வெட்டிய எழுத்து நெடுங்காலம் வணிகருடையதாகவே இருந்துவந்தது. செய்தவரின் தனிப்பெயரைத் தேடி வாங்கும் இன்றைய சேகரிப்பு மோகம் மிக அண்மைக்காலத்து வரவு. அந்த மோகத்தைக் கேலிசெய்ய எனக்கு விருப்பமில்லை. விலை மிகைதான், ஆனால் கொல்லர் தம் பெயரால் கூலி கேட்கக்கூடிய அரிய சந்தைகளுள் அதுவும் ஒன்று.

உலோகத்தில் பெயர் வெட்டுவது நமக்கும் பழக்கம்தான். பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தை வாங்கியதும் “என்ன பெயர் போடணும்?” என்று கேட்பார்கள். பெண்ணின் பெயரோ, சீர் கொடுத்த மாமனின் பெயரோ, தேதியோ புள்ளிபுள்ளியாக ஏறும். நம் வீட்டு உலோகத்தில் ஏறிய பெயர் உடையவருடையது அல்லது கொடுத்தவருடையது. செய்தவர் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. இந்த ஒழுங்கில் வைத்துப் பார்த்தால் 1873இன் கத்தி இன்னும் விசித்திரமாகத் தோன்றுகிறது. எலோகேஷி அதைச் செய்தவள் அல்லள், கொடுத்தவள் அல்லள், உடையவளும் அல்லள். பதினாறு வயதுவரை வாழ்ந்த அவள் பெயரில் பொருள் ஏதேனும் இருந்திருக்குமா என்பதே ஐயம். நூற்றுக்கணக்கான அடுப்பங்கரைகளுக்குள் அவள் பெயர் நுழைந்தது, அவள் கழுத்தை அறுத்த கருவியின்மேல். போர்டெய்னின் கத்தியில் செய்தவரும் வைத்திருந்தவரும் இருவருமே பெயரோடு நிற்கிறார்கள். விலை இருவருக்குமாகச் சேர்ந்தது. எலோகேஷியின் கத்தியில் ஒரு பெயர் இருந்தும் அதன் காசு அப்பெயருக்கு உரியவரைச் சேரவில்லை. இன்னொரு பெயர் எழுதப்படவே இல்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் ஜதுபாபு பஜார்ப் பக்கத்து இரும்புக்கடையில் நடுத்தர அளவில் ஓர் அரிவாள்மணை வாங்கினேன். கடைக்காரர் முதியவர். அலகைத் தராசில் வைத்து எடைபோட்டார், விலை எடைக்குத்தான். யார் அடித்தது என்று என் அரைகுறை வங்காளத்தில் கேட்டேன். ஊர்ப்பக்கம் ஒரு கர்மகார் குடும்பம், தந்தை காலத்திலிருந்து அவர்களிடம்தான் வாங்குகிறோம் என்றார். பெயர் என்ன என்றேன். சற்று யோசித்து, மூத்தவர் பெயரைச் சொன்னார். அடித்தது தம்பியாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். விஸ்வகர்மா பூசைக்கு அவர்கள் அனுப்பும் இனிப்பைப் பற்றித்தான் நிறையப் பேசினார். செய்தித்தாளில் சுற்றி, அலகின்மேல் கந்தலைக் கட்டி, ரயிலில் கவனமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அது என் சமையலறையில் இருக்கிறது. மணையின் அடியில், கடைக்காரர் சொன்ன பெயர்கள் இரண்டையும் நான் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.